பற்று வரவு

நோல்ஃபா பாரியாவுக்கு ஜூடோ தெரியும்.
எனக்குக் கூட்டல் தெரியும்.
பங்கு பாதிக்குப் பாதி.

புந்தா அரேனாஸில் பழைய கம்பளிக் கிடங்கின் மாடி.
மாத வாடகை ஆறரை லட்சம் பெசோ,
முன்பணம் இரண்டு மாதம்.
கையெழுத்துக்கு முன் வீட்டுக்காரர் குசானோவிச்
தரையை மூன்று தடவை மிதித்துப் பார்த்தார்,
தாங்குவீர்களா என்று
எங்களைக் கேட்பதுபோல.

விரிப்பு அறுபது, சாந்தியாகோவில் வாங்கியது,
அர்ஜென்டினா சுற்றி லாரியில் வந்தது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அந்த ரசீதை இன்னும் நான்
அவளுக்குக் காட்டவில்லை.

நகராட்சி உரிமம், தீயணைப்புச் சான்று,
இரண்டாவது கழிவறை கட்டாயம் என்ற ஆய்வாளர்
முதலாவதைப் பயன்படுத்திவிட்டுப் போனார்.
பெயர்ப்பலகையை மாட்டிய மூன்றாம் நாள்
காற்று கழற்றிக்கொண்டு போயிற்று.
ஜலசந்தியில் எந்த மீன்
எங்கள் தொலைபேசி எண்ணைப் படித்துக்கொண்டிருக்கிறதோ.

முதல் வாரம் இலவசம் என்று அச்சடித்தோம்.
முதல் வாரம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
இரண்டாம் வாரம் ஒன்பது.
ஒன்பதை இருபத்தைந்தாயிரத்தால் பெருக்கினேன்.
பேனாவை மாற்றிப் பெருக்கினேன்.
அதே விடை.

பட்டைத் தேர்வுக்குக் கட்டணம் வைப்போம் என்றேன்,
துறைமுகத்துக் கராத்தேக்காரர்
மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில்
புதிதாக ஒரு நிறமே கண்டுபிடித்திருக்கிறாரே.
அவள் பதில் சொல்லவில்லை.
என் சட்டைக் கழுத்தைப் பற்றினாள், ஒரு கை முழங்கையில்.
அடுத்து நான் கண்டது
கூரையில் ஒழுகும் இடம்.
எழுந்து அதையும் செலவில் எழுதினேன்.

ஜூனில் காலை பத்துக்குத்தான் வெளிச்சம்.
எரிவாயு ரசீது தடித்தது, வகுப்பு இளைத்தது.
என் பழைய காரை விற்றோம்.
ஆகஸ்டில் அவள் கோப்பைகளை விற்கலாமா என்று கேட்டாள்.
யார் வாங்குவார்கள், உன் பெயர் பொறித்திருக்கிறதே என்றேன்.

செப்டம்பர். காற்று திரும்பிவிட்டது,
பனிக்கட்டி இன்னும் கிளம்பவில்லை.
தெருமுனையில் நகராட்சி கயிறு கட்டியது,
பற்றிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.
ஓயார்சோ வீட்டு ப்ரூமில்டா, எழுபத்தொன்று வயது,
பறந்த தொப்பிக்காகக் கயிற்றை விட்டாள்.
நோல்ஃபா ஜன்னலில் நின்றிருந்தாள்.
"கையை ஊன்றிவிட்டாள்," என்றாள்,
மணிக்கட்டு முறிந்த செய்தி வருவதற்கு முன்பே.
"ஊன்றக் கூடாது."

மறுநாள் மருந்துக்கடைக் கதவில் ஒரு தாள்:
விழக் கற்றுத் தருகிறோம்.
அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும்.
செவ்வாய், வியாழன், பதினொன்று மணி.

காப்பீட்டுக்காரன் தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டான்,
முதியவர்களை நீங்களே தள்ளிவிடுவீர்களா?
தவணை இரட்டிப்பாயிற்று.

இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.
மேலங்கி கழற்ற மட்டும் கால் மணி நேரம்.
உட்கார்ந்து, முகவாயை நெஞ்சோடு சேர்த்து,
பின்னால் உருண்டு, கையால் விரிப்பை அறைந்தார்கள்,
எந்தக் கடன்காரனை நினைத்தோ.
ஆறு மாதக் கட்டணம் ரொக்கமாக, முன்கூட்டியே.
மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ப்ரூமில்டா
ரசீது இரண்டு பிரதி கேட்டாள்,
ஒன்று நம்ப மறுக்கும் மகனுக்கு.

இருபத்துநாலாவதாக குசானோவிச்.
கட்டணத்தை வாடகையில் கழித்துக்கொள்ளலாமே என்றார்.
நான் வாயைத் திறந்தேன், தலையாட்டத்தான்.
"வாடகை வேறு, விழுவது வேறு," என்றாள் நோல்ஃபா.
அவர் பணப்பையை எடுத்தார்.

என் அலுவலகம் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு.
அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கு இப்போது அத்துப்படி.
கை முதலில், முதுகு பிறகு என்றால் சரி.
மாறி விழுந்தால் என் பேனா நின்றுவிடும்.

இன்று நின்றது.
எட்டிப் பார்த்தேன்.
மல்லாந்து கிடந்த குசானோவிச்
விரலை மேலே நீட்டினார்:
"அங்கே ஒழுகுகிறதே."

"ஆமாம் ஐயா," என்றேன்.
"அது உங்கள் கணக்கு."